மின்சைக்கிளுக்கு 25 கிலோமீட்டர் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மின்சைக்கிளுக்கு இருக்கும் 250 வாட் மோட்டார் திறன் வரம்பும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேக வரம்பும் பழைய காலத்துச் சட்டம், இரண்டையும் எடுத்துவிட வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். திருவானைக்காவலில் 31 வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். கடந்த நான்கைந்து வருடமாக என்னிடம் பழுதுக்கு வருவதில் பாதி மின்சைக்கிள்தான். அந்த வாசகர் சொன்னதில் ஒரு பாதி சரி. இன்னொரு பாதி ஆபத்து.

போன மாதம் ஒரு அப்பா தன் மகனின் மின்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பையன் பத்தாம் வகுப்பு, வயது 15. பின்சக்கரத்தின் நடுவிலேயே பொருத்திய ஹப் மோட்டார். ஆக்சில் நட்டு தளர்ந்து, ஆக்சில் தன் பள்ளத்திலேயே சுற்றி, மோட்டாருக்குப் போகும் வயரை முறுக்கி அறுத்திருந்தது. பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது. வாங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. எல்லாம் சரிசெய்து, சக்கரக் கோட்டம் எடுத்து, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். டிஸ்ப்ளே மணிக்கு 39 கிலோமீட்டர் காட்டியது. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான கன்ட்ரோலரைத் திறந்தால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் இணைப்பு கழற்றப்பட்டிருந்தது. பையன் செய்ததில்லை. விற்ற கடையிலேயே, “தம்பிக்கு ஸ்பீடு பத்தாது” என்று கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஆர்.சி. வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம் என்று சொல்லி விற்றதும் அதே கடைதான்.

அப்பாவுக்கு எதுவும் தெரியாது. சட்டம் என்ன சொல்கிறது என்று நான் விளக்கியபோது அவர் முகம் மாறியதை என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் வாசகர்களில் இப்படி இன்னும் எத்தனை பெற்றோர் இருப்பார்கள் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

1989ஆம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது. மோட்டாரின் 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் குறைவு, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவு, பேட்டரி இல்லாமல் எடை 60 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. பெடல் உதவியோடு ஓடும் சைக்கிள் என்றால், வேகம் 25ஐ நெருங்க நெருங்க மோட்டார் தன் உதவியைக் குறைத்து நிறுத்திவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினாலும் அதுவும் நிற்க வேண்டும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு பிரதிபலிப்பான் இருக்க வேண்டும். இதையெல்லாம் புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற, அரசு குறிப்பிட்ட பரிசோதனை நிறுவனம் ஒன்று சோதித்துச் சான்று தந்தால்தான் அந்த வண்டி ‘மோட்டார் வாகனம் அல்ல’ என்று ஆகும். பலரும் கவனிக்காமல் விடுவது இந்தக் கடைசி வரியைத்தான். மோட்டாரில் 250 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டினால் மட்டும் ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸிலிருந்து விலக்கு கிடைத்துவிடாது.

இங்கே ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். 36 வோல்ட் பேட்டரி, 15 ஆம்பியர் கன்ட்ரோலர் என்று பார்த்துவிட்டு, பெருக்கினால் 540 வாட் வருகிறதே, இது சட்டவிரோதம் என்று சிலர் அவசரப்படுகிறார்கள். அப்படி இல்லை. விதி பேசுவது மோட்டார் அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறனைப் பற்றி. கிளம்பும்போதும் மேட்டில் ஏறும்போதும் கொஞ்ச நேரம் அதிகமாக இழுப்பது எல்லா மோட்டாருக்கும் இயல்பு. அதனால்தான் ரோட்டில் நிற்கும் போலீஸ்காரரால் பார்த்த மாத்திரத்தில் வாட்டைச் சொல்ல முடியாது. வேகத்தைச் சொல்லிவிடலாம்.

வேகம் ஏன் முக்கியம் என்பது எங்களைப் போன்ற மெக்கானிக்குகளுக்குக் கைப்பழக்கத்திலேயே தெரியும். 25இலிருந்து 39க்குப் போனால் வண்டியிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய இரண்டரை மடங்காகிறது. பிரேக் மட்டும் அதே பிரேக். ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு ரப்பர் கட்டை, ஒரு கம்பி. டயரும் ஸ்போக்ஸும் ஃபோர்க்கும் சைக்கிளுக்காகச் செய்தவை. மாம்பழச்சாலையில் ஒரு பாட்டி குறுக்கே வந்தால், 25இல் போகிற பையன் எப்படியாவது நிறுத்திவிடுவான். 39இல் நிறுத்த மாட்டான்.

நிறுத்தாமல் போனால் என்ன ஆகும்? இணைப்பைக் கழற்றிய நிமிடமே அது மோட்டார் வாகனம். பதிவு இல்லை, லைசென்ஸ் இல்லை, மூன்றாம் நபர் காப்பீடு இல்லை. காயம்பட்டவருக்குத் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டைக் கட்ட இன்சூரன்ஸ் கம்பெனி வராது, வண்டிக்காரரே கட்ட வேண்டும். ஓட்டியது 18 வயது நிரம்பாத பிள்ளை என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவு பெற்றோர் மீதே பாய்கிறது: மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். நான் சொன்னபோது அந்த அப்பா கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் இதே திருத்தத்தில் 182ஏ என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. விதிக்குப் புறம்பான வண்டியை விற்கும் அல்லது மாற்றிக் கொடுக்கும் டீலருக்கு, வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, ஒரு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ. இதைப் பயன்படுத்துங்கள் என்பதுதான் என் கோரிக்கை. சிக்னலில் பள்ளிப் பையனையும், உணவு டெலிவரி செய்யும் இளைஞனையும் நிறுத்திப் பிடிப்பது சுலபம். கழற்றிக் கொடுத்தவர் கடையில் ஃபேன் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அப்புறம், அந்த வாசகர் சொன்னதில் சரியான பாதி. கோத்தகிரி, ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு 250 வாட் போதாத சந்தர்ப்பம் உண்டு. ஆளும் சைக்கிளுமாக 100 கிலோ இருந்தால், நூறடிக்கு ஆறடி உயரும் சரிவில் மணிக்கு 10 கிலோமீட்டரில் ஏற சுமார் 190 வாட் வேண்டும், மோட்டார் தாங்கும். காய்கறி மூட்டையோடு 200 கிலோ என்றால் அதுவே 380 ஆகிவிடும். மோட்டார் சூடாகிப் புகையும். சுமை ஏற்றும் சைக்கிளுக்குத் தனி வகுப்பு வைத்து, வாட்டைக் கூட்டி, வேகத்தை 25லேயே வைக்கலாம் என்றால் நானும் கையெழுத்துப் போடுவேன். எதிர்க்காற்றில் காவிரிப் பாலம் ஏறி மிதிக்கிறவர்களைத் தினமும் பார்ப்பவன் நான். அவர்களுக்கு வேண்டியது இழுவை. வேகம் இல்லை.

வெளிநாட்டிலும் இது ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவில் 750 வாட்டுக்குள், மணிக்கு 20 மைல் என்கிறார்கள். ஐரோப்பாவில் நம்மைப் போல 250, 25. பிரிட்டன் அரசு 2024இல் 500 வாட்டாக்கலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்டு, பிறகு விட்டுவிட்டது. எனக்குப் பிடித்தது சிங்கப்பூர் முறை. வரம்பு அதே 250, 25தான். ஆனால் வண்டியில் அரசின் ஆரஞ்சு முத்திரை இருக்க வேண்டும். 2018 முதல் பதிவு எண் பலகையும் கட்டாயம். வாங்குகிறவர் முத்திரையைப் பார்த்தாலே போதும், வாட், வோல்ட் எதையும் படிக்க வேண்டியதில்லை.

இங்கேயும் அப்படி ஒன்றைச் செய்யலாம். சான்று பெற்ற மாடல்களின் பட்டியலைப் போக்குவரத்துத் துறை தமிழில் வெளியிடட்டும். சான்று எண்ணை வண்டியின் ஃப்ரேமிலேயே அழியாமல் பொறிக்கட்டும். பில்லோடு சான்றிதழின் நகலைத் தராத கடை விற்கக் கூடாது என்று ஆணை போடட்டும். அதுவரை வாங்கப் போகும் பெற்றோர் இதை நீங்களே கேளுங்கள்: உங்கள் மாடலின் பெயர் போட்ட சான்றிதழ். வேறு மாடலுடையதைக் காட்டினால் வாங்காதீர்கள்.

அந்தப் பையனின் சைக்கிளில் இணைப்பை நானே திரும்பப் பூட்டிக் கொடுத்தேன். இப்போது 24க்கு மேல் போவதில்லை. பையனுக்கு என் மேல் கோபம். அவன் அப்பா சான்றிதழ் கேட்டு விற்ற கடைக்கு மூன்று முறை போய்விட்டார். இன்னும் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் கடைக்காரன்,
திருவானைக்காவல், திருச்சி.