நாலாவது கேள்வியைப் பார்த்து அனுப்பு

எய்யா,

பையன்களைக் கூட்டிக்கொண்டு தாமிரபரணி ஆற்றைச் சுத்தம் பண்ணுகிற சார் பற்றி நீ ஃபேஸ்புக்கில் போட்ட பதிவைப் பக்கத்து வீட்டுத் தம்பி காட்டினான். "விலைபோய்விட்டார்" என்று எழுதி, அவர் நகராட்சி அதிகாரி பக்கத்தில் நிற்கிற படத்தையும் போட்டிருக்கிறாய். எழுநூறு பேருக்கு மேல் பகிர்ந்திருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் பாபநாசம் படித்துறையில் கால் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் படம் எதற்கு எடுத்தது தெரியுமா? பரிகாரம் என்று சொல்லி சனங்கள் ஆற்றில் விட்டுவிட்டுப் போகிற துணி, கல்லிடுக்கில் சிக்கி, பாசி ஏறி, இழுத்தால் வராது. இடுப்பளவு தண்ணீரில் நின்று அரிவாளால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும், ஒரு ஈரச் சேலையைத் தூக்கவே ரெண்டு ஆள் வேணும். எடுத்துக் கரையில் போட்டால் மட்டும் போதுமா, லாரி வந்து அள்ளாவிட்டால் அடுத்த வெள்ளத்தில் எல்லாம் திரும்ப ஆற்றுக்குள்தான். லாரி நகராட்சியில்தானே இருக்கிறது! அதற்குத்தான் அவர் போய்ப் பேசினார், லாரியும் வந்தது. உன் பதிவுக்கு அப்புறம் சார் வருவதில்லை. அவரோடு வந்த பையன்களும் வருவதில்லை, நம்மையும் யாராவது படம் பிடித்துப் போட்டுவிடுவார்களோ என்று பயம்.

கோபப்படாதே என்று நான் சொல்லவில்லை. 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலிக்காக கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாக வந்தபோது போலீஸ் தடியடியில் அடிபட்டும் ஆற்றுக்குள் விழுந்தும் பதினேழு பேர் செத்த ஊர் இது, கைக்குழந்தையும் அதில் ஒன்று. கோபம் இல்லாமல் எப்படி இருக்க முடியும்? ஆனால் அவர்கள் யார்மேல், எதற்காகக் கோபப்பட்டார்கள் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை.

இப்போது நடப்பது வேறு. 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரளாவிலிருந்து மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து கொட்டினார்களே, அன்றைக்கு உங்கள் போனில் எல்லாம் மலையாளிகளை வசவுதான். கழிவுக்குள் கிடந்த ஆஸ்பத்திரிக் காகிதங்கள்தான் எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தன. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட, கேரள அரசே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. கைதானவர்களில் நம்ம பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். அதைப் பற்றி ஒருத்தனும் பொங்கவில்லை, சொந்த ஊர்க்காரனைத் திட்டினால் லைக் வராது போல.

ஃபேஸ்புக் கம்பெனிக்காரனுக்கும் இது தெரிந்துதான் இருக்கிறது. 2017-ல் அவர்கள், பதிவுக்குக் கீழே அமுக்குகிற கோப முகப் பொம்மைக்கு ஒரு லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்பு வைத்திருந்தார்கள், அதாவது எரிச்சல் மூட்டுகிற பதிவு நாலு பேருக்குக் கூடுதலாகப் போய்ச் சேரும். அவர்களின் உள் ஆவணங்கள் 2021-ல் வெளியே வந்தபோது பேப்பரில் படித்தேன். பிறகு குறைத்துவிட்டார்களாம், சரி, பழக்கம் போகுமா?

போனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அதே 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகப் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுச் சேர்ந்தது போனில்தான், ஒரு வாரத்துக்குள் அவசரச் சட்டம் வந்தது. அந்தச் சூட்டில் கோலா பாட்டிலையும் உடைத்துப் படம் போட்டார்கள், மார்ச்சில் வியாபாரிகளும் விற்க மாட்டோம் என்றார்கள். கங்கைகொண்டான் கோலா ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்ற வழக்கை ஹைகோர்ட் மதுரைக் கிளை தள்ளுபடி செய்ததும் அதே மார்ச்சில்தான். பாட்டில் உடைத்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தீர்ப்பு தெரியும்? நீயும் அப்போது ரெண்டு பாட்டில் உடைத்தாய், உங்கம்மாதான் கண்ணாடித் துண்டைப் பெருக்கினாள்.

பதிவை எடுத்துவிடு. எடுத்துவிட்டுச் சாருக்குப் போன் போடு, மெசேஜ் அனுப்பாதே, அவர் அதைப் பார்க்க மாட்டார். திட்டினால் கேட்டுக்கொள்.

அப்புறம் ஒரு வேலை. சிந்துபூந்துறைப் பக்கம் ஆற்றில் சேர்கிற சாக்கடை பற்றி மாநகராட்சிக்கு ஒரு ஆர்டிஐ மனு, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு, எழுதியிருக்கிறேன், வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன். நாலாவது கேள்வியை "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று எழுதிவிட்டேன், அப்படிக் கேட்டால் பதிலே சொல்லாமல் திருப்பிவிடுவார்கள். எந்தத் தேதியில் என்ன உத்தரவு போட்டார்கள், அதன் நகல் வேண்டும் என்று மாற்றிக் கொடு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்கி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை தபாலில் சேர்க்கணும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீட்டையும் நீதான் எழுத வேண்டும்.

அப்பா