அம்மாவை எழுந்து நிற்கச் சொல்

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே எல்லோரும் நலம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காய்ச்சல் விட்ட பிறகும் அம்மாவைக் கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை, எல்லாம் கைக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாசம்தான், தெரிகிறது. ஆனால் வார்டில் நான் தினமும் பார்ப்பது வேறு. நிமோனியாவோடு நடந்து வந்தவர், நெஞ்சுச் சளி குணமாகி, கால் பலம் போய், சக்கர நாற்காலியில் வீடு திரும்புகிறார். நோயே இல்லாத முதியவர்களை 10 நாள் படுக்க வைத்துப் பார்த்த ஆய்வில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. அம்மா படுத்து எத்தனை நாளாகிறது? பேங்க்காரி நீதானே, கணக்குப் போடு.

சிஸ்டரா, பி.டி. டீச்சரா, ஒன்றை முடிவு பண்ணு என்று கிண்டல் செய்வாயே, நான் உடற்பயிற்சி கோச் ஆனதே இதனால்தான். டியூட்டி முடிந்து நான் எடுக்கும் வகுப்பில் பாதிப்பேர் 60 தாண்டியவர்கள். முதல் பாடம், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. ஒரு தாத்தா விரல் முட்டி வெளுக்கும் அளவுக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். இருக்கையில் தலையணை போட்டு உயர்த்திக் கொடுத்தேன். சில வாரங்களில் அதை எடுத்துவிட்டேன். கைகளை மார்பில் கட்டியபடி எழுந்தவர், நம்ப முடியாமல் உட்கார்ந்து மறுபடி எழுந்து பார்த்தார்! முதியோர் இல்லத்தில் 90 வயதையொட்டியவர்களுக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்து, 1990-இல் முடிவு வெளியிட்டார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அம்மாவுக்கு 90 ஆக இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

நர்ஸாக இருப்பது இங்கே ரொம்பக் கைகொடுக்கிறது. பிரஷருக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது, கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்ப முடியாது. அதனால் பேசிக்கொண்டே செய்ய முடிகிறதா என்று பார்ப்பேன். இன்சுலின் போடுபவர் பக்கத்தில் குளுக்கோஸ் இருக்கும். எல்லோரும் சத்தமாக எண்ண வேண்டும். மூச்சைப் பிடித்தால் பிரஷர் சட்டென்று எகிறிவிடும்.

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நாளைக்கே தொடங்கு. முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஓரிரண்டு நிமிடம் உட்காரட்டும். படுத்திருக்கும்போது ஒரு முறை, நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பிரஷர் பார். மேல் அளவு 20 இறங்கினாலோ தலை சுற்றினாலோ உட்கார வைத்துவிட்டு டாக்டரிடம் சொல். இல்லையென்றால், நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, காலையும் மாலையும் ஐந்து முறை உட்கார்ந்து எழட்டும். நீ பக்கத்தில் நில். அதற்காகத் தூக்கிவிடாதே.

அடம்பிடித்தால் போனை அம்மாவிடம் கொடு. உன் பேச்சை என்றைக்குக் கேட்டிருக்கிறார்? ஞாயிறு மாலை வீடியோவில் வருகிறேன், நானே எண்ணுகிறேன்.

உன்,
சிஸ்டர்