லாரி ஹோம்ஸுக்கும் அதே அளவுகோல்

‘எக்காலத்திலும் சிறந்த பத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்கள்’ என்று பட்டியல் போடும் விளையாட்டு எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் போடும் பட்டியல்களை விடாமல் படிக்கிறவன் நான். முதல் இரண்டு இடங்களில் பெரும்பாலும் முகமது அலியும் ஜோ லூயிஸும் இருப்பார்கள். அதில் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. அதற்குக் கீழே முன்னாள் உலகச் சாம்பியன் லாரி ஹோம்ஸைத் தேடும்போதுதான் மனசு ஆறமாட்டேன் என்கிறது. எங்கேயோ ஒரு மூலையில் இருப்பார். பக்கத்திலேயே, வயதான அலியை அடித்தவர் என்று ஒரு குறிப்பும் இருக்கும்.

அந்த இரவையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1980 அக்டோபர் 2, லாஸ் வேகஸ். அலிக்கு 38 வயது. அதே ஆண்டில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடிய அலிதான். நடந்த பத்து ரவுண்டையும் மூன்று நடுவர்களும் ஹோம்ஸுக்கே கொடுத்தார்கள். அதற்கு மேல் வேண்டாம் என்று அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ சண்டையை நிறுத்தினார். ஜெயித்த ஹோம்ஸ் அழுதார். டீர் லேக் பயிற்சி முகாமில் அலியோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்து தொழில் கற்றவர் அவர். அழாமல் எப்படி இருப்பார்?

அப்படியே 1951 அக்டோபருக்குப் போங்கள். ராக்கி மார்சியானோ 37 வயது ஜோ லூயிஸை எட்டாவது ரவுண்டில் கயிறுகளைத் தாண்டி விழவைத்தார். அன்று மார்சியானோவும் அழுதார். உங்களுக்கு அந்தக் கண்ணீர் அவருடைய பெருந்தன்மைக்குச் சாட்சி. ஹோம்ஸின் வெற்றி மட்டும் அவர் மேல் படிந்த கறை. இரண்டும் ஒரே மாதிரி இரவுகள்தானே?

ஹோம்ஸின் எதிராளிகள் சோப்ளாங்கிகள் என்பது உங்களுடைய அடுத்த குற்றச்சாட்டு. லூயிஸ் 25 முறை உலகப் பட்டத்தைக் காத்தார். அவரோடு மோதியவர்களில் பலரை அன்றைய பத்திரிகைகளே மாதம் ஒரு உதவாக்கரை என்று கிண்டலடித்தன. அதற்காக லூயிஸின் இடத்தில் நீங்கள் கை வைப்பதில்லை, வைக்கவும் கூடாது. ஹோம்ஸ் 20 முறை காத்தார், மார்சியானோ 6 முறை.

ஹோம்ஸிடமும் குறை உண்டு. 1983-ல் உலகக் குத்துச்சண்டை கவுன்சில் பட்டத்தை விட்டுவிட்டு, அப்போதுதான் முளைத்திருந்த ஓர் அமைப்பின் பட்டத்தை ஏற்றுக்கொண்டார். அந்தக் காலத்தின் மற்ற சாம்பியன்களோடு மோதி எல்லாப் பட்டங்களையும் ஒன்றாக்கவில்லை. டிம் விதர்ஸ்பூனை மயிரிழையில்தான் ஜெயித்தார். 1985-ல் 48 வெற்றிகளோடு வந்து மைக்கேல் ஸ்பிங்ஸிடம் தோற்ற இரவில், தோல்வியே இல்லாமல் 49 வெற்றி கண்ட மார்சியானோவைப் பற்றி வாய்தவறிப் பேசினார். பிறகு மன்னிப்பும் கேட்டார். அந்த ஒரு பேச்சை ஞாபகம் வைத்திருக்கிற அளவுக்கு அவருடைய இடது கை ஜாபை, அந்த நேரான வேகக் குத்தை, நீங்கள் ஞாபகம் வைத்திருக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். ஹெவிவெயிட்டில் அதற்கு ஈடான ஜாபை நான் பார்த்ததில்லை.

1979-ல் எர்னி ஷேவர்ஸ் விட்ட ஒரே குத்தில் மல்லாந்து விழுந்தார் ஹோம்ஸ். யாராயிருந்தாலும் அதோடு முடிந்திருக்கும். அவர் எழுந்து நின்று, பதினோராவது ரவுண்டில் அந்தச் சண்டையை ஜெயித்தார். அப்புறம் 1992-ல், 42 வயதில், அதுவரை தோற்றே அறியாத ரே மெர்சரைப் பாயின்ட்டில் வீழ்த்தினார். மைக் டைசனிடம் நாலாவது ரவுண்டில் விழுந்த சண்டையைக் காட்டுகிறவர்கள் இதைக் காட்டுவதே இல்லை. டைசனோடு மோதியபோது ஹோம்ஸுக்கும் 38 வயதுதான், ரிங்கை விட்டு விலகி ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த பட்டியலை எழுதுவதற்கு முன்னால், 1978 ஜூன் 9 அன்று ஹோம்ஸும் கென் நார்ட்டனும் உலகப் பட்டத்துக்காக மோதிய சண்டையைப் போட்டுப் பாருங்கள். 14 ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் அட்டையிலும் இருவரும் சமம். மிச்சம் இருந்தது மூன்று நிமிடம். அந்தப் பதினைந்தாவது ரவுண்டை முழுசாகப் பார்த்துவிட்டு, அப்புறம் ஹோம்ஸின் இடத்தை எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்