அட்வெர்பை எங்கே வைப்பது? ஆங்கிலப் பயிற்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட வட்டார வள மையங்களில் ஆங்கிலப் பயிற்சி நடத்தும் ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும் கருத்தாளர்களுக்கும் வணக்கம்.

அட்வெர்ப், அதாவது ஒரு வினை எப்படி, எப்போது நடக்கிறது என்று சொல்லும் சொல், பற்றிய பாடம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. முதலில் ஒரு வரையறை, அதற்கு அடியில் எல்-ஒய் சேர்த்த சொற்களின் பட்டியல், பிறகு கோடிட்ட இடம். பிள்ளைகள் பட்டியலை ஒப்பித்துவிடுகிறார்கள். சொந்தமாக வாக்கியம் எழுதச் சொன்னால், அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். அடுத்த குறுவள மையப் பயிற்சியில் ஒரு முழு அமர்வை இந்த இடப் பிரச்சினைக்கு மட்டும் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

'செல்வி மாங்காயை வேகமாக நறுக்கினாள்' என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளை 'செல்வி கட் ஃபாஸ்ட்லி த மேங்கோ' என்று எழுதுகிறது. ஆங்கிலத்தில் வினை முன்னால் வரும் என்று அதற்குத் தெரியும். ஆனால் தமிழில் 'வேகமாக' வினையை ஒட்டி நிற்பதால், வினையைத் தூக்கி முன்னால் வைக்கும்போது அதுவும் கூடவே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் வெர்புக்கும் (வினை) ஆப்ஜெக்டுக்கும் (செயப்படுபொருள்) நடுவே அட்வெர்ப் நுழையக் கூடாது. 'ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்', 'ஐ லைக் வெரி மச் மேங்கோஸ்' இரண்டும் இதே தவறுதான். ஆப்ஜெக்ட் ஒரு முழு வரிக்கு நீண்டால் விதி கொஞ்சம் தளரும்; அதைப் பத்தாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் நிறைய. அவையும் வினை கடைசியில் வரும் மொழிகள். ஆகவே தவறும் ஒன்றே, மருந்தும் ஒன்றே. அந்த வகுப்புகளுக்கென்று தனிப் பாடத்திட்டம் தேவையில்லை.

மருந்து இதுதான். பழைய காலண்டர் அட்டையில் நான்கு துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள்: ஷி, கட், த மேங்கோஸ், க்விக்லி. 'கட்' அட்டையையும் 'த மேங்கோஸ்' அட்டையையும் துணி கிளிப்பால் ஒன்றாக மாட்டிவிடுங்கள். பிள்ளை 'க்விக்லி' அட்டையை மட்டும் நகர்த்தட்டும். அதற்கு மூன்று இடங்கள்தான் கிடைக்கும்: தொடக்கம், வினைக்கு முன், கடைசி. மூன்றும் சரி, மிக இயல்பானது கடைசி இடம். இப்போது 'க்விக்லி'யை எடுத்துவிட்டு 'எஸ்டர்டே' கொடுங்கள். நடு இடம் ஒத்துவராது. 'ஆஃபன்' கொடுத்தால் நடு இடம்தான் அதற்கு வீடு. இதற்கு ஐந்து நிமிடம் போதும். வாரத்துக்கு இரண்டு முறை செய்தால், பத்தாம் வகுப்பில் கலைந்த சொற்களை வரிசைப்படுத்தும் கேள்விக்கும் கை பழகிவிடும்.

'ஸ்விட்ச் ஆஃப் த மோட்டார்' என்பதில் 'ஆஃப்' நடுவில் வருகிறதே என்று சூட்டிகையான பிள்ளை கேட்கும். கேட்டால் மகிழுங்கள். அது வெர்பின் ஒரு பகுதி. ஆப்ஜெக்ட் 'இட்' என்று வந்தால், 'ஸ்விட்ச் இட் ஆஃப்' என்று 'இட்' நடுவில்தான் உட்காரும். 'ஸ்விட்ச் ஆஃப் இட்' கிடையாது.

'ஆக' என்று முடிந்தால் எல்-ஒய் போடு என்று சொல்லிக்கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். 'ஃபாஸ்ட்லி' பிறப்பது அங்கேதான். 'ஃபாஸ்ட்' அப்படியே அட்வெர்பாகவும் வரும். 'ஹார்ட்' விஷயத்தில் ஆபத்து அதிகம்: ஓசூர் சிப்காட்டில் நேர்முகத் தேர்வுக்குப் போகிற பையன் 'கடினமாக உழைக்கிறேன்' என்று நினைத்து 'ஐ ஹார்ட்லி வொர்க்' என்று சொன்னால், 'நான் அநேகமாக வேலையே செய்வதில்லை' என்று பொருளாகிவிடும். 'லேட்லி' என்றால் 'தாமதமாக' அல்ல, 'அண்மைக்காலமாக'.

எல்-ஒய் தேவையில்லாமல் ஒட்டிக்கொள்ளும் இன்னொரு தவறும் உண்டு. 'த சாம்பார் டேஸ்ட்ஸ் நைஸ்லி' என்று எழுதுகிறார்கள், தமிழில் 'நன்றாக' இருப்பதால். இங்கே ஒரு எளிய சோதனை இருக்கிறது. வெர்பை எடுத்துவிட்டு 'இஸ்' போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'த சாம்பார் இஸ் குட்' பொருந்துகிறது, ஆகவே 'டேஸ்ட்ஸ் குட்'தான் சரி. 'த குக் டேஸ்டட் த சாம்பார் கேர்ஃபுலி' என்பதில் 'இஸ்' போட்டால் சமையல்காரரே சாம்பாராகிவிடுவார். அங்கே எல்-ஒய் வேண்டும். 'லுக்', 'ஸ்மெல்', 'ஃபீல்' எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை செல்லும்.

'ஆல்வேஸ்', 'யூஷுவலி', 'நெவர்' ஆகியவற்றுக்கு ஒரே பேருந்தை வைத்து மூன்று வாக்கியங்கள் போதும். 'த பஸ் ஆல்வேஸ் கம்ஸ் லேட்': வெர்புக்கு முன். 'த பஸ் இஸ் ஆல்வேஸ் லேட்': 'இஸ்'ஸுக்குப் பின். 'த பஸ் ஹேஸ் நெவர் கம் ஆன் டைம்': முதல் துணைவினைக்குப் பின். 'டெய்லி' இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததில்லை. 'ஐ டெய்லி கோ டு ஸ்கூல்' என்று எழுதாமல் கடைசிக்குத் தள்ளச் சொல்லுங்கள்.

விடுப்புக் கடிதத்திலும் அலுவலகக் கடிதத்திலும் அடிக்கடி கண்ணில் படுவது 'ஐ ஹேவ் சென்ட் இட் எஸ்டர்டே'. தமிழில் 'நேற்றே அனுப்பியிருக்கிறேன்' சரியாக இருப்பதால் வருகிற தவறு. முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் 'ஹேவ்' கூடாது: 'ஐ சென்ட் இட் எஸ்டர்டே'. 'ஆல்ரெடி', 'ஜஸ்ட்', 'சோ ஃபார்' வந்தால் 'ஹேவ்' தாராளமாக வரலாம்.

'டிஸ்கஸ் அபவுட்', 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' இரண்டும் தவறு; சரியான வடிவத்தைச் சுவரில் எழுதி ஒட்டினாலே போதும். முதலாவதில் 'அபவுட்' வேண்டாம். இரண்டாவது 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ'.

நோட்டுத் திருத்தும் முறையையும் பயிற்சியில் பேசுங்கள். சிவப்பு மையில் முழு வாக்கியத்தையும் நாமே எழுதிக்கொடுத்தால், பிள்ளை அதைப் பார்ப்பதோடு சரி. தப்பான இடத்தில் நிற்கும் சொல்லுக்கு ஒரு வட்டமும், போகவேண்டிய இடத்துக்கு ஓர் அம்புக்குறியும் போதும். வாக்கியத்தைப் பிள்ளையே திருப்பி எழுதட்டும். ஒரு நோட்டில் ஒரு தடவைக்கு இடத் தவறுகளை மட்டும் திருத்துங்கள். ஸ்பெல்லிங்கை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

ஆறாம் வகுப்பில் கிளிப் அட்டை, ஏழில் 'ஆல்வேஸ்' கூட்டம், எட்டில் 'இஸ்' சோதனை, ஒன்பதில் 'ஹேவ்' என்று பிரித்து நடத்தலாம் என்பது எங்கள் யோசனை. வரிசையை மாற்ற நினைத்தால் மாற்றிக்கொள்ளுங்கள். அட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஆங்கிலப் பாட ஆசிரியர்கள் சிலர்,
கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள்