கயலுக்கு: டப்பிங்கை விடுவது பற்றி

அன்புள்ள கயல்,

அம்மாதான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா சரிம்மா, டேக்குக்குக் கூப்பிடுறாங்க" என்று வைத்துவிடுவாய். எழுதி அனுப்பினால் அப்படித் தப்பிக்க முடியாது பார்.

வளைகாப்பில் நாகப்பட்டினத்து அத்தை, "எந்த சீரியல்ல வர்றே, நாங்க ஒரு நாளும் உன்னப் பாத்ததே இல்லையே" என்று கேட்டதும் நீ "நான் வெறும் குரல்தான் அத்தை" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாய். எனக்குச் சுருக்கென்றது. இப்போது அக்காவிடம், ஒரு சீரியலில் கதாநாயகியின் தோழியாக நடிக்கக் கேட்டிருக்கிறார்கள், அது உறுதியானால் டப்பிங்கை மொத்தமாக விட்டுவிடப் போகிறேன் என்று சொன்னாயாம். வேஷம் வந்தது சந்தோஷம், போய் நடி, அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. அந்த "மொத்தமாக" என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்ல நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு முத்துப்பேட்டை என்றால் அலையாத்திக்காடு, படகு சவாரி. எனக்கு நடிகர் எம்.எஸ்.பாஸ்கர். 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி தேசிய விருதுப் பட்டியல் வந்தபோது சிறந்த துணை நடிகர் என்று அவர் பெயரை 'முத்துப்பேட்டை சோமு பாஸ்கர்' என்று முழுதாகப் போட்டிருந்தார்கள், டெல்லிக்காரர்கள் வாயில் நம்ம பக்கத்து ஊர் பெயர் எப்படி வந்திருக்கும் என்று நினைத்து அன்றைக்கு நானும் அப்பாவும் சிரித்துக்கொண்டோம். 'பார்க்கிங்' படத்துக்காகக் கொடுத்தார்கள். மலையாளத்து விஜயராகவனுக்கும் அவருக்குமாகச் சேர்த்துக் கொடுத்த விருது. 1957இல் பிறந்தவர், விருதைக் கையில் வாங்கும்போது வயது 68. விசுவின் 'திருமதி ஒரு வெகுமதி'யில் தலைகாட்டியது 1987இல். நடுவில் எத்தனை வருஷம் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள், அதில் பல வருஷம் உன்னைப் போல மைக்குக்கு முன்னால் போனதுதான். வேற்றுமொழிப் படங்களுக்கும் தொடர்களுக்கும் குரல் கொடுத்துக்கொண்டே, நடுநடுவே சின்னச் சின்ன வேஷங்களும் போட்டுக்கொண்டு வந்தார்.

டப்பிங்கிலிருந்து மேலே வந்தவர் என்றால் எல்லோரும் விக்ரம் கதையைத்தான் சொல்வார்கள். உன் பெரியப்பாவும் அதைத்தான் உனக்குச் சொன்னார். 'அமராவதி'யில் அஜித்துக்குப் பேசினார், 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்குப் பேசினார், 'காதல் தேசம்' அப்பாஸுக்கும் பேசினார், அப்புறம் 1999இல் 'சேது' வந்தது, அதோடு விடிந்தது என்று. நல்ல கதைதான், அந்த மனிதர் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதையில் டப்பிங் என்பது ஒரு கஷ்டகாலம், எப்படியாவது தாண்டிப் போகவேண்டிய ஒன்று. கேட்கிற பிள்ளைகளுக்கெல்லாம் மைக் முன்னால் நிற்பது தண்டனை மாதிரி ஆகிவிடுகிறது. பாஸ்கர் கதையில் அப்படி இல்லை. அவருடைய சகோதரி ஹேமமாலினி டப்பிங் கலைஞர், மகள் ஐஸ்வர்யாவும் டப்பிங் கலைஞர், மகன் ஆதித்யாதான் '96' படத்தில் சின்ன வயசு ராம். ஒரே வீட்டில் முகமும் இருக்கிறது, குரலும் இருக்கிறது. யாரும் யாரையும் வெறும் என்று சொல்லிக்கொள்கிற மாதிரி தெரியவில்லை.

நான் டிவி பார்க்கிறவள் இல்லை, கேட்கிறவள் என்று உனக்குத் தெரியும். முன்னால் தையல் மெஷின், முதுகுப் பக்கம் டிவி. ஊசியிலிருந்து கண்ணை எடுத்தால் விரல் போய்விடும். அதனால் யார் அழகு, யார் என்ன புடவை கட்டியிருக்கிறார்கள் என்று என்னிடம் கேட்காதே, யார் பொய்யாக அழுகிறார்கள் என்று கேள், சொல்கிறேன். 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' சீரியல் ஓடிய காலத்தில், அதில் பாஸ்கர் போட்ட பட்டாபி வேஷத்தின் பெயர் இந்தத் தெருவில் குழந்தை முதல் கிழவி வரைக்கும் தெரியும். நான் அந்த முகத்தை ஒழுங்காகப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்தக் குரலுக்குச் சிரித்திருக்கிறேன். வசனம் முடிகிற இடத்தில் ஒரு நொடி தாமதிப்பார் பார், சிரிப்பு அங்கேதான் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது முகபாவம். எனக்கு அது மூச்சு.

'மொழி' படம் மட்டும் என்னை மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார வைத்தது. வேறு வழி? கதாநாயகிக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. ஜோதிகாவுக்குப் பெரும்பாலான படங்களில் வேறு ஒருவர்தான் குரல், இந்தப் படத்தில் குரலே கிடையாது. அப்படி ஒரு படத்தில், 2007இல், குரலையே பிழைப்பாக வைத்திருந்த ஒருவருக்குப் பெரிய பெயர் கிடைத்தது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வேடிக்கையாக இருக்கும். அதில் பாஸ்கர் வேஷம் பேராசிரியர் ஞானப்பிரகாசம், மகன் செத்துப்போன 1984ஆம் வருஷத்திலேயே மனசு நின்றுபோன மனிதர். அந்தக் காலத்து விஷயத்தையெல்லாம் நேற்று நடந்த மாதிரி பேசுவார், தியேட்டரே சிரிக்கும். கவனித்தாயா, அந்தச் சிரிப்புக்காக அவர் தனியாக எதையும் செய்யவே இல்லை. குரலைக் கீச்சென்று மாற்றவில்லை, இழுக்கவில்லை, நம் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் டீக்கடையில் நின்று பேசுவது போலத்தான் பேசுகிறார். அதனால்தான் பின்னால் மகன் செத்துவிட்டான் என்பதை அவருக்கு உணர்த்தி, அவர் உடைந்து அழுகிறபோது அதே ஆள் அழுகிறார் என்று நமக்குப் படுகிறது. முன்பாதியில் ஜோக்கர் குரலில் பேசியிருந்தால் பின்பாதியில் அழுவதற்கு வேறு ஆளைத்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். அதை எங்கே கற்றிருப்பார் என்கிறாய்? என் எண்ணம், டப்பிங் தியேட்டரில்தான். இன்னொருவன் முகத்துக்குப் பேசுகிறபோது உன் இஷ்டத்துக்கு அலங்காரம் பண்ண முடியாதே. திரையில் அவன் எவ்வளவு அழுகிறானோ அவ்வளவுதான் நீயும் அழ வேண்டும், அரை அங்குலம் கூடினாலும் துருத்திக்கொண்டு நிற்கும்.

நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய், திரையில் உதடு மூடுகிற இடத்தில் ப, ம மாதிரி எழுத்து வந்தாக வேண்டும், இந்திக்காரன் வாய் மூடும்போது தமிழில் 'ஆ' என்று கத்தினால் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும் என்று. முன்பெல்லாம் எல்லோரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பேசுவார்களாம், ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து. இப்போது நீ மட்டும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, எதிரில் ஆளே இல்லாமல் சண்டை போட வேண்டும், மாமியாரிடம் திட்டு வாங்க வேண்டும், கல்யாணத்துக்குச் சம்மதிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நர்ஸ், பக்கத்து வீட்டுப் பெண், கோயில் கூட்டத்தில் ஒருத்தி, கார்ட்டூனில் அணில் என்று மாறி மாறிப் பேசிவிட்டு வருகிறாய். இதற்குப் பெயர் வெறுமா?

சரி, முகம் தெரியாவிட்டால் பெயர் கிடைக்காது என்பாய். உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. எண்பதுகளில் நாங்களெல்லாம் 'மைக் மோகன்' என்று கொண்டாடியவருக்கு வசனம் பேசியது எஸ்.என்.சுரேந்தர், பாட்டில் பெரும்பகுதி எஸ்.பி.பி. மைக் என்ற பட்டம் மட்டும் மோகனுக்கு. இந்தத் தொழிலில் அநியாயம் நிறைய உண்டு. உனக்கு மாதக்கணக்கில் பணம் பாக்கி வைத்திருக்கிற அந்தக் கம்பெனியை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அத்தைக்குத் தெரியவில்லை என்பதை அந்த அநியாயக் கணக்கில் சேர்க்காதே. அத்தைக்கு எம்.எஸ்.பாஸ்கரையே போன வருஷம் வரைக்கும் 'அந்த பட்டாபி' என்றுதான் தெரியும்.

நடுவில் வந்த படங்களை எல்லாம் அடுக்கப் போவதில்லை. 'சூது கவ்வும்' படத்தில் லஞ்சம் வாங்காத அமைச்சர், 'உத்தம வில்லன்' படத்தில் பெரிய நடிகரின் மேனேஜர் சொக்கு செட்டியார், 'எட்டுத் தோட்டாக்க'ளில் காணாமல் போன துப்பாக்கி கையில் சிக்கிய வயதான மனிதர். அந்தக் கடைசிப் படத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்து தன் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டே போவார், அதை மட்டும் ஒருமுறை திரையை மூடிவைத்துவிட்டுக் கேள். எங்கே வேகம் எடுக்கிறார், எங்கே ஒரு சொல்லை விழுங்குகிறார் என்று கேட்டுப் பார். வயது ஏறிய பிறகுதான் அவருக்கு இப்படிப்பட்ட வேஷங்கள் வர ஆரம்பித்தன. அதுவரை காத்திருந்தார் என்று சொன்னால் சரியாக இருக்காது, அதுவரை வேலை செய்துகொண்டிருந்தார்.

'பார்க்கிங்' நீயும் பார்த்தாய்தானே. ஒரு வீடு, கீழே இவர் குடும்பம், மேலே புதிதாகக் குடிவந்த ஹரிஷ் கல்யாணும் கர்ப்பிணி மனைவியும், கார் நிறுத்த ஒரே ஒரு இடம். இவ்வளவுதான் கதை. பாஸ்கர் நடித்த இளம்பரிதி ஓய்வு பெறப் போகிற அரசு அதிகாரி, கை சுத்தம், கஞ்சத்தனமும் உண்டு. வண்டியில் ஒரு கீறல் விழுந்ததற்காக யாராவது இவ்வளவு தூரம் போவார்களா என்று கேட்பவர்கள் வாடகை வீட்டில் இருந்ததில்லை என்று அர்த்தம். எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது, அவர் வில்லன் மாதிரி ஒரு வரிகூடப் பேசாததுதான். வீட்டுக்குள் மனைவியிடம் பேசுகிற குரல் வேறு, அது கட்டளையும் இல்லை, கொஞ்சலும் இல்லை, பல வருஷமாக எதிர்த்துப் பேசாத ஒருத்தியிடம் பேசிப் பழகின குரல். மாடிக்காரனிடம் முதலில் மரியாதை, அப்புறம் மெல்ல மெல்ல ஏறி, கடைசியில் தான் சொல்வதுதான் நியாயம் என்று நம்புகிற ஆளின் குரல். தப்பு செய்கிறோம் என்று தெரிந்து கத்துகிறவன் குரலும், நான் சரி என்று நம்பிக் கத்துகிறவன் குரலும் ஒன்றாக இருக்காது. முதல் வகையைத்தான் சீரியல்களில் தினமும் கேட்கிறோம். இரண்டாவதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது, நம் வீட்டு ஆண்களிலேயே நாலு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். அப்பா பேசாமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார், அதை எழுதினேன் என்று அவரிடம் சொல்லாதே. அந்தப் படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம் என்ற விருதும் கிடைத்தது, திரைக்கதைக்கும் கிடைத்தது.

நான் சொல்ல வருவது உனக்குப் புரிந்திருக்கும். தோழி வேஷத்துக்குப் போனால் கேமரா உன் மேல் எத்தனை நிமிஷம் நிற்கும்? கதாநாயகி அழும்போது பக்கத்தில் நின்று "விடுடி, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த ஒரு வரியை மற்றவர்கள் சும்மா சொல்லிவிட்டுப் போவார்கள். உனக்கு அதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று தெரியும், ஏனென்றால் வாரத்தில் நாலு பெண்களுக்கு அந்த வரியை நீதான் பேசுகிறாய். உள்ளே லைனிங் நன்றாக விழுந்தால்தான் மேல் துணி மடிப்பில்லாமல் நிற்கும் என்று கடைக்கு வருகிற பெண்களிடம் நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனது உனக்கும் தெரியுமே. டப்பிங்கை விட்டுவிட்டால் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். சீரியல் எப்போது வேண்டுமானாலும் நிற்கும், உன் பாத்திரத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டதாக ஒரு வசனத்தில் முடித்துவிடுவார்கள். அன்றைக்குத் திரும்பிப் போய் நின்றால் உன் இடத்தில் வேறு பெண் பேசிக்கொண்டிருப்பாள்.

அதனால் இப்படிச் செய். மாதத்தில் எத்தனை நாள் ஷூட்டிங், எந்தெந்த நாள் என்று முதலில் கேட்டுக்கொள். சம்பளம் நாள் கணக்கா, எபிசோட் கணக்கா, எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதையும் கேள், கேட்க வெட்கப்படாதே. மிச்ச நாட்களில் டப்பிங் இருக்கிறது என்று இப்போதே அவர்களிடம் சொல்லிவிடு, பின்னால் சொன்னால் முகம் சுளிப்பார்கள். உன் வேஷத்துக்கு நீயே டப்பிங் பேசுவேன் என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லி வை, வேறு பெண்ணை வைத்துப் பேச வைத்துவிட்டார்கள் என்று பிறகு என்னிடம் வந்து அழாதே. சங்க அட்டையைப் புதுப்பிக்காமல் வைத்திருக்கிறாய், பணம் இல்லை என்றால் சொல், அனுப்புகிறேன். ஏசியில் நின்றுவிட்டு வெளியே வந்ததும் ஐஸ் போட்ட ஜூஸ் குடிப்பதை நிறுத்து.

தீபாவளிக்கு வரும்போது ஷூட்டிங்குக்குத் தேவையான ஜாக்கெட் துணிகளைக் கொண்டு வா, தைத்துத் தருகிறேன். அங்கே காஸ்ட்யூமர் கொடுப்பார்கள் என்றால் வேண்டாம், சும்மா செலவு பண்ணாதே.

அன்புடன்,
அம்மா