கையில் குச்சி, காதில் இசை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் தாமதமானதற்கு என் காதுதான் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உன் கேள்வி. "இசைக்குழுவின் முன்னால் நின்று, ஒரு ஸ்வரம்கூட வாசிக்காமல் குச்சியை ஆட்டுகிறவனை இசைக் கலைஞன் என்கிறாயே, அவன் வெறும் கண்டக்டர்தானே?" என்று எழுதியிருந்தாய். தமிழில் 'நடத்துநர்' என்று மாற்றிச் சொன்னாலும் அந்த மனிதர் பஸ்ஸில்தான் போய் ஏறிக்கொள்கிறார். உன் கிண்டலுக்குச் சொற்பொழிவால் பதில் சொல்ல எனக்கு வராது. அப்படிக் குச்சி பிடித்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன்: இத்தாலியின் மிலான் நகரத்துக் கிளாடியோ அப்பாடோ.

1933-இல் பிறந்தவர். அப்பா வயலின் ஆசிரியர், அம்மா பியானோ கலைஞர். சிறுவனாக மிலானின் புகழ்பெற்ற ஓபரா அரங்கான லா ஸ்காலாவில் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸியின் 'நாக்டர்ன்ஸ்' கேட்டுவிட்டு வந்து, இந்த இசையை ஒருநாள் நானும் உண்டாக்குவேன் என்று நாட்குறிப்பில் எழுதினாராம். சில ஆண்டுகளில் இத்தாலியின் வடபகுதி நாஜிகள் கைக்குப் போனது. 'வாழ்க பார்டோக்' என்று பையன் சுவரில் கிறுக்கிவிட, யார் அந்தப் பார்டோக், எந்தத் தலைமறைவுக் கும்பலைச் சேர்ந்தவன் என்று நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ விசாரித்துக்கொண்டு வந்ததாக ஒரு கதை உண்டு. பார்டோக் பாவம், ஹங்கேரிய இசையமைப்பாளர்.

வியன்னாவில் படித்த காலத்துச் சம்பவம் ஒன்று உனக்குப் பிடிக்கும். பெரிய மேதைகளின் ஒத்திகைக்குள் மாணவர்களுக்கு அனுமதி இல்லை. அப்பாடோவும் உடன் படித்த நம் பம்பாய்க்காரர் சுபின் மேத்தாவும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடகர்களாகச் சேர்ந்துகொண்டார்கள். பாடுவது சாக்கு, கரயான், புரூனோ வால்டர் போன்ற பெரிய கண்டக்டர்களை எதிரிலிருந்து பார்ப்பதுதான் நோக்கம். கண்டக்டரின் முதுகை மட்டுமே பார்க்கிற நமக்கு அந்த வேலையில் என்ன இருக்கிறது என்று தெரியாததில் வியப்பில்லை. முகமும் கண்ணும் இடது கையும் வாசிப்பவர்களுக்குத்தானே தெரிகின்றன!

1968 முதல் 1986 வரை லா ஸ்காலாவின் இசை நெறியாளர். சீமான்களின் கூடமாக இருந்த அந்த அரங்கைத் தொழிலாளர்களுக்கும் மாணவர்களுக்கும் திறந்துவிட்டார். பியானோ மேதை பொல்லீனியோடும் இசையமைப்பாளர் நோனோவோடும் சேர்ந்து தொழிற்சாலைகளுக்கே இசையைக் கொண்டுபோனார். விலகிப் பல ஆண்டுகள் கழித்து மிலான் மறுபடி அழைத்தபோது, சம்பளமாக அவர் கேட்டது நகரத்தில் 90,000 மரங்கள். நகராட்சி செலவுக் கணக்கைப் பார்த்துப் பின்வாங்கியது. (உனக்கு இது புதிதாக இருக்காது.)

1989-இல் கரயான் மறைந்ததும், அவர் நடத்திவந்த பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் கலைஞர்கள் தாங்களே வாக்களித்து இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கரயான் அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி செய்தவர். அவர் இடத்துக்கு வந்தவரோ, எல்லோருக்கும் நான் கிளாடியோதான் என்றார். ஒத்திகையில் அதிகம் பேசமாட்டார். "கேளுங்கள்" என்பார், வயலின்காரர் ஓபோ என்ற ஊதுவாத்தியத்தைக் கேட்க வேண்டும், ஓபோ செல்லோ என்ற பெரிய தந்தி வாத்தியத்தைக் கேட்க வேண்டும். இவர் எதையும் விளக்கிச் சொல்வதில்லையே என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கட்டளைக்குப் பழகியவனுக்குச் சுதந்திரம் குழப்பமாகத்தான் இருக்கும்.

2000-இல் வயிற்றில் புற்றுநோய், பெரிய அறுவை சிகிச்சை. ஆள் பாதியாகிவிட்டார். ஆனால் நான் திரும்பத் திரும்பக் கேட்பதெல்லாம் அதற்குப் பிந்தைய அப்பாடோவைத்தான். 2003-இல் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் தன் நண்பர்களையும், தான் வளர்த்த இளைஞர் குழுக்களிலிருந்து வந்தவர்களையும் திரட்டி ஓர் இசைக்குழுவை அமைத்தார். ஒவ்வொரு கோடையிலும் அவர்கள் அவருக்காக வந்து சேர்ந்தார்கள்.

இப்போது என் காதுக்கு வருகிறேன். மூன்று மாதமாக இடது காதில் கருவி. மின்விசிறி, பக்கத்து வீட்டுப் பாத்திரம், என் செருப்பு என எல்லாம் கேட்கிறது, வேண்டியதைத் தவிர. போன வாரம் இரவு, 2010-இல் லூசர்னில் அவர் நடத்திய, இசையமைப்பாளர் மாலரின் ஒன்பதாம் சிம்பொனியின் வீடியோவைப் போட்டேன். அதன் கடைசிப் பகுதி மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே போகும். தந்தி வாத்தியங்கள் மட்டும், ஒரு இழை, பிறகு அதுவும் இல்லை. சட்டென்று கருவியைத் தட்டிப் பார்த்தேன். பேட்டரி போய்விட்டது என்றே நினைத்தேன்.

போகவில்லை. இசை முடிந்திருந்தது. திரையில் அப்பாடோ அசையாமல் நிற்கிறார். வாசித்தவர்கள் வில்லை இறக்கவில்லை. அரங்கம் முழுக்க ஆட்கள், ஒரு கைதட்டல் இல்லை. ஏறத்தாழ இரண்டு நிமிடம் அப்படியே. எழுதும்போது சின்னக் கணக்கு; உட்கார்ந்து பார், எவ்வளவு நீளம் என்று தெரியும். அந்த மௌனத்தை யார் வாசித்தது என்று நீயே சொல்.

2014 ஜனவரி 20 அன்று போலோன்யாவில் காலமானார். ஒரு வாரம் கழித்து லா ஸ்காலாவில், நாற்காலிகள் எல்லாம் காலியாக இருக்க, இன்னொரு பெரிய கண்டக்டரான பாரன்பாய்ம் பீத்தோவனின் 'எரோய்கா' சிம்பொனியிலிருந்து சாவு ஊர்வல இசையை நடத்தினார். கதவுகளைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் நின்று கேட்டார்கள்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அடுத்த மாதம் வருவதாக எழுதியிருந்தாய், தேதியைச் சொல். மாலரைப் போட்டுக் காட்டுகிறேன். ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். நடுவில் எழுந்து காபி கேட்கக் கூடாது.

உன்
பழைய அறைத்தோழன்