ஏழு ஓட்டில் ஜெயித்த அக்காவுக்கு

ஜனவரி 2020

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நம் ஊராட்சித் தலைவராக ஜெயித்திருக்கிறீர்கள், மனமார்ந்த வாழ்த்துகள். எண்ணிக்கை முடிந்த அன்று கூட்டமும் சத்தமுமாக இருந்ததால் உங்கள் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொன்னதோடு சரி. அதை இப்போது எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுத்திலும் சொல்லிவிடுகிறேன். ஏழு ஓட்டு வித்தியாசத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள், நான் தோற்றேன். இந்த முடிவை முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன். இதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக மாட்டேன்.

வீட்டுக்கு வந்தும் சொல்லப்போகிறேன். ஆனால் ஊர் வாட்ஸ்அப் குரூப்களில் நேற்றிலிருந்து என் பெயரில் என்னென்னவோ ஓடுகிறது. வக்கீலைப் பார்த்துவிட்டேன், தடை வாங்கப் போகிறேன், திங்கட்கிழமை பதவியேற்பு நடக்காது என்கிறார்கள். ஒன்றும் உண்மை இல்லை. உங்களுக்கு உழைத்தவர்களும் எனக்கு உழைத்தவர்களும் ஒரே கடிதத்தைப் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

எண்ணிக்கையைப் பற்றி என் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அவர்களில் பாதிப் பேர் உள்ளே வரவில்லை. நான் உள்ளேதான் இருந்தேன். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு பிங்க், ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள் என்று நாலு நிறச் சீட்டும் ஒரே பெட்டியில் கிடந்தன. நிறம் பிரித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டி, அப்புறம்தான் எண்ணவே ஆரம்பித்தார்கள். நம் ஊராட்சி மேசைக்கு வரும்போது நடுராத்திரி தாண்டிவிட்டது. முதலில் ஒன்பது ஓட்டு வித்தியாசம் என்றார்கள். மறுபடி எண்ணுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை, எண்ணினார்கள். என் சீட்டு ஒன்று உங்கள் கட்டுக்குள் கலந்து கிடந்தது. அதை எடுத்து என் பக்கம் வைத்ததும் ஒன்பது ஏழானது. அதற்கு மேல் மாறவில்லை. இரண்டு நாளாகத் தூங்காத ஆசிரியர்கள் ஒவ்வொரு சீட்டையும் பிரித்துக் காட்டி எண்ணியதை என் கண்ணால் பார்த்தேன். அவர்கள் மேல் சந்தேகம் சொல்ல எனக்கு மனசு வராது.

அப்புறம் அந்தச் செல்லாத ஓட்டுகள். எங்கள் ஆட்களுக்கு இதுதான் ஆறவே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கமிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்கள். ஒரு பிங்க் சீட்டில் முத்திரை உங்கள் சின்னத்துக்கும் என் பூட்டு சாவிக்கும் நடுக்கோட்டில் சரிபாதியாக உட்கார்ந்திருந்தது. இன்னொன்றில் வரிசையாக எல்லாச் சின்னத்திலும் ஒரு குத்து. இன்னொன்றை நாலாய் மடித்திருந்தார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை. மறைப்புக்குள் நாலு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினால் வயசானவர்கள் என்னதான் செய்வார்கள்? செல்லாத ஓட்டுகள் ஏழுக்குப் பல மடங்கு அதிகம்தான். ஆனால் அதில் பாதி நம்முடையது என்று எப்படிச் சொல்ல முடியும்? உங்கள் பக்கத்துக்காரர்களும் அதே கணக்கைப் போடலாமே. யார் குத்தியது என்று தெரியாது, தெரியவும் கூடாது.

மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட எனக்கு உரிமை உண்டு என்று தெரியும். தப்பு நடந்திருந்தால் போட்டிருப்பேன். நடக்காத தப்புக்கு வழக்குப் போட்டு வருஷக்கணக்கில் இழுத்தால் தண்டனை ஊருக்குத்தான். 2016 அக்டோபரில் முந்தைய தலைவர்களின் காலம் முடிந்ததிலிருந்து மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் கையில் இருந்தோம். தேர்தல் நடக்கவில்லை என்று மத்திய நிதி நின்றது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் இருந்தோம். இப்போதுதான் அந்த நாற்காலியில் நம்மில் ஒருவர் உட்காருகிறார்.

சரி, இனி உங்களிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன்.

எந்த வார்டில் யாருக்கு எத்தனை ஓட்டு என்பது விடிவதற்குள் ஊருக்குள் வந்து சேர்ந்துவிட்டது. காலனியும் மேற்கே இருக்கிற தோட்டத்துச் சாளை வீடுகளும் பெரும்பாலும் எனக்குப் போட்டிருக்கின்றன. அதை மறைக்க முடியாது. எண்ணிக்கை முடிந்து ஊர் திரும்பியபோது காலனி முக்கில் ஒரு பாட்டி என் வண்டியை நிறுத்தினார். தோற்றதற்கு ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "ஏனுங்க அம்மிணி, இனி எங்களுக்குத் தண்ணி வருமுங்களா?" என்றார். பக்கத்தில் நின்ற பெண்கள் யாரும் பேசவில்லை. எல்லோருக்கும் அதே கேள்விதான் போலிருக்கிறது.

அந்தப் பயத்தை நீங்கள்தான் போக்க வேண்டும் அக்கா. நம் ஊரில் ஆத்துத் தண்ணி வருவதே எண்ணிய நாட்கள்தான். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் முதலில் ஊருக்குள் போய், கடைசியாகத்தான் காலனிக்கு ஏறுகிறது. வால்வை அரை மணி நேரம் முன்னால் அடைத்தால் போதும், கடைசி வரிசை வீடுகளுக்குக் குடம் நிறையாது. யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. வால்வு திறப்பவரிடம் ஜெயித்த பக்கத்து ஆள் ஒருவர் டீக்கடையில் ஒரு வார்த்தை சொன்னாலே நடந்துவிடும். உங்களுக்குத் தெரியாமலேகூட நடக்கும். அதனால் எந்தக் கிழமை, எந்தத் தெருவுக்கு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை தண்ணி என்று ஊராட்சி அலுவலகப் பலகையிலும் தொட்டித் தூணிலும் பெயிண்டில் எழுதி வைத்துவிடுங்கள். நீங்கள் பொறுப்பேற்றதும் செய்கிற முதல் வேலை அதுவாக இருந்தால், எனக்கு ஓட்டுப் போட்டவர்கள் உங்களை அவர்களுடைய தலைவராக நினைப்பார்கள்.

1996இல் மொடக்குறிச்சியில் நடந்தது நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். தங்கள் குறையை யாரும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் திரளாக மனுத் தாக்கல் செய்து, ஒரு சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். ஓட்டுச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று, தேர்தலையே தள்ளி வைத்தார்கள். அவர்களில் பலருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அதற்காக அவர்கள் சொன்ன குறை பொய்யாகிவிடவில்லை. காலனித் தண்ணியும் அப்படித்தான். நான் ஜெயித்திருந்தால் எவ்வளவு நியாயமோ, தோற்ற பிறகும் அவ்வளவு நியாயம்.

அடுத்தது குட்டை. அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்துக்குப் போன வருஷம், 2019இல், அடிக்கல் நாட்டிக் குழாய் வேலையும் நடக்கிறது. 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி ஆற்றின் உபரி நீர் வரும் என்கிறார்கள். நம் தாத்தாக்கள் காலத்துக் கோரிக்கை. ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பறந்த தோட்டங்களை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். நம் குட்டையும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் உள்ளே முழுக்கச் சீமைக்கருவேலம். மழைத் தண்ணி வருகிற பள்ளம் இரண்டு இடத்தில் தூர்ந்து கிடக்கிறது. தண்ணி வருகிற அன்றைக்கு வெட்டலாம் என்று விட்டால் நடக்காது. நூறு நாள் வேலையில் இந்தப் பள்ளத்தைச் சேர்த்து எடுங்கள். எந்தப் பள்ளம் எங்கே மூடியது என்று சர்வே எண்ணோடு நான் எடுத்து வைத்த குறிப்புகள் இருக்கின்றன. பிரச்சாரத்துக்காகச் சேர்த்தது, இனி உங்களுக்குத்தான் பயன்படும். கொண்டு வந்து தருகிறேன்.

துணைத் தலைவர் விஷயத்தையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். 11ஆம் தேதி மறைமுகத் தேர்தல். காசோலையில் உங்கள் கையெழுத்தோடு துணைத் தலைவர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் எடுக்க முடியும். அதை வைத்துத் தலைவரை முடக்கிய ஊர்களை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். என் பக்கத்திலிருந்து ஜெயித்த வார்டு உறுப்பினர்கள் மூன்று பேரிடமும் பேசிவிட்டேன். யாரையும் வேனில் ஏற்றி எங்கேயும் கொண்டுபோய் வைக்க மாட்டோம். உங்களுக்கு ஒத்துவருகிற ஆளைச் சொல்லுங்கள், நியாயமான ஆளாக இருந்தால் அவர்களும் சேர்ந்தே போடுவார்கள். பதிலுக்கு நாங்கள் எதுவும் கேட்கவில்லை. கணக்கு மட்டும் ஒவ்வொரு கிராம சபையிலும் முழுசாகப் படிக்கப்பட வேண்டும்.

இன்னொன்று, உரிமையோடு சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். இது பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சி. உங்களையும் என்னையும் நிற்க வைத்தது அந்தச் சட்டம். பிரச்சாரத்தின்போது "ஜெயித்தாலும் வீட்டுக்காரர்தானே பார்த்துக்குவாரு" என்று என்னிடமும் சொன்னார்கள், உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். அண்ணன் நல்லவர், உதவிக்கு இருக்கட்டும். ஆனால் அலுவலக நாற்காலியில் நீங்கள்தான் உட்கார வேண்டும். செயலர் ஃபைலை உங்களிடம்தான் நீட்ட வேண்டும். அதிகாரிகளின் போனை நீங்கள்தான் எடுக்க வேண்டும். ஒரு கிணற்றடித் தகராறைப் பத்தே நிமிஷத்தில் நீங்கள் தீர்த்து வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்களால் முடியாது என்று யாராவது சொன்னால் உங்களை எதிர்த்து நின்ற நானே முதலில் மறுப்பேன்.

திங்கட்கிழமை பதவியேற்புக்கு வருகிறேன், எனக்கு வேலை செய்த பெண்களும் வருவார்கள். பட்டாசு வெடிப்பது உங்கள் ஆட்களின் சந்தோஷம், வெடிக்கட்டும். காலனி முக்கில் மட்டும் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். வரும் 26ஆம் தேதி கிராம சபையை முடிந்தால் காலனிப் பள்ளிக்கூடத்தில் வையுங்கள். பள்ளக் குறிப்புகளை எந்த நாள் கொண்டு வரட்டும் என்று ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள், நம்பர் உங்களிடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி